அறுபத்திரண்டு பேரின் சாவி

அப்பாவின் தொழில் நிற்பது. பத்தொன்பது வயதில் அரண்மனைக் காவல் படையில் சேர்ந்தார். நாற்பத்தோராவது வயதில் அந்தப் படையே இல்லாமல் போனது. இடையில் இருபத்திரண்டு வருடம். இரண்டு மணி நேரம் வாசலில் நிற்பது, நான்கு மணி நேரம் ஓய்வு, மறுபடி இரண்டு மணி நேரம். சிவப்புக் கோட்டு, வெள்ளை இறகு செருகிய உயரத் தொப்பி, தலையைத் திருப்ப விடாத காலர். கையில் துப்பாக்கி. அதில் தோட்டா கிடையாது.

இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. அது அலங்காரக் காவல். விருந்தாளிகள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிற படை. தோட்டாக்கள் மாடிப்படிக்குக் கீழே ஒரு கிடங்கில், பன்னிரண்டு பெட்டிகளில் பூட்டி இருந்தன. வருடத்துக்கு ஒரு முறை திறந்து, ஆளுக்குப் பத்துக் குண்டு கொடுத்துச் சுடவிடுவார்கள். மற்ற நாளெல்லாம் பூட்டுதான்.

சேர்வதற்கு உயரம் வேண்டும். சேர்ந்த பிறகு அசையாமல் இருக்கத் தெரிய வேண்டும். வெயிலில் மயக்கம் வந்தால் விறைப்பாகவே விழ வேண்டும் என்பது அங்கே விதி. கையை ஊன்றக் கூடாது. அப்பா இரண்டு முறை அப்படி விழுந்திருக்கிறார். இரண்டாவது முறை மூக்கு உடைந்தது. அதற்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள். "மூக்க உடைச்சுக்கிட்டதுக்கு லெட்டர் குடுத்த ஒரே ஆபீஸ் உங்கப்பா ஆபீஸ்தான்" என்பார் அம்மா.

கடைசி ஆறு வருடம் கிடங்குச் சாவி அப்பாவின் பொறுப்பில் இருந்தது. படையில் எல்லோருக்கும் பட்டப்பெயர் உண்டு. அப்பா 'சாவி'. அவரோடு ஒரே நாளில் சேர்ந்த நண்பர் 'குள்ளன்'. ஆறடிக்கு அரை அங்குலம் குறைவு. அளவெடுத்த அன்று காலுறைக்குள் செய்தித்தாளை மடித்து வைத்துத் தேறியவர். எங்கள் தெருவில் அப்பாவைத் தவிர அவரைவிட உயரமானவர் யாரும் இல்லை. அவர் குனிந்து வாசலுக்குள் நுழைவதைப் பார்த்து நான் "குள்ளன் மாமா வந்தாச்சு" என்று கத்தும்போது பக்கத்து வீட்டில் சிரிப்பார்கள். அநேகமாக எல்லா ஞாயிற்றுக்கிழமையும் வருவார்.

எனக்கு ஒன்பது வயதானபோது அது நின்றது.

அன்று காலை பத்தரைக்கு ராணுவ லாரிகள் அரண்மனை வாசலுக்கு வந்தன. உள்ளே ராஜா இருந்தார். வெளியே அறுபத்திரண்டு காவலர்கள், அணிவகுப்பு உடையில், காலித் துப்பாக்கியோடு. அவர்களுடைய அதிகாரி தொலைபேசியில் யாரையோ பிடிக்க உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. குள்ளன் மாமாவும் இன்னும் பத்துப் பேரும் மாடிப்படிக்கு ஓடிவந்து சாவியைக் கேட்டார்கள். "உத்தரவு வரல" என்றார் அப்பா. அவர்கள் கத்தினார்கள், கெஞ்சினார்கள். குள்ளன் மாமா அப்பாவின் காலரைப் பிடித்து உலுக்கினார். அப்பா அதையே திரும்பச் சொன்னார். பதினொன்றே முக்காலுக்கு அறுபத்திரண்டு துப்பாக்கிகளும் முற்றத்தில் அடுக்கப்பட்டன. ஒருவர் மேலும் ஒரு கீறல் இல்லை. அன்று மாலையே ராஜா விமானம் ஏறிப் போனார். அந்த வாரத்துக்குள் படை கலைக்கப்பட்டது.

இதை அப்பா என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார், நான் வேலைக்குச் சேர்ந்த வருடம். நான் எதுவும் கேட்காமலே சொன்னார். சொல்லி முடித்ததும் கடைக்குப் போய்விட்டார்.

படை போன பிறகு ஒரு அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஆபரேட்டர். எட்டு மாடி. ஸ்டூல் கொடுத்திருந்தார்கள், உட்கார மாட்டார். பத்தொன்பது வருடம் அதிலும் நின்றார். ஓய்வு பெற்றபோது இரண்டு கெண்டைக்காலிலும் நரம்புகள் கயிறு போலச் சுருண்டிருந்தன.

ஓய்வுக்குப் பிறகு நாலைந்து வருடம் வீட்டில் சும்மா இருந்தார். அப்புறம் பல் வலி வந்தது. வாயைத் திறந்து நாற்காலியில் சாய்ந்திருந்தவர், பல் டாக்டரின் கண்ணாடி அலமாரியைப் பார்த்தார். அதில் கட்டைவிரல் உயரத்தில் அரண்மனைக் காவலர்கள், இரண்டு வரிசை. டாக்டர் கருவியை வெளியே எடுத்ததும் அப்பா சொன்ன முதல் வார்த்தை வலியைப் பற்றியது அல்ல.

"பொத்தான் ஒம்போது சார். நீங்க எட்டு வரைஞ்சிருக்கீங்க."

டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு பூதக்கண்ணாடியோடு வந்தார் என்று அப்பா சொல்வார். அடுத்த நோயாளி முக்கால் மணி நேரம் காத்திருந்தாராம்.

அந்த டாக்டரின் கிளினிக் மாடியில் ஒரு அறை. சனிக்கிழமை மதியங்களில் ஐந்தாறு பேர் கூடுவார்கள். டாக்டர், ஒரு பஸ் டிரைவர், வங்கியில் வேலை பார்க்கும் அண்ணன் தம்பி இருவர். எட்டடி மேசை மேல் பொம்மைப் படைகளை நிறுத்தி, டேப்பால் தூரம் அளந்து, தாயம் உருட்டிப் போர் விளையாடுவார்கள். நடந்த போர் அல்ல. நடந்திருக்கக்கூடிய போர். அன்றைக்கு இப்படி ஆகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் அவர்கள் விளையாட்டு. டாக்டருக்குப் பிடித்தது அரண்மனை வாசல்: காவல் படை சரணடையாமல் இரண்டு மணி நேரம் தாக்குப்பிடித்தால், விசுவாசமான இன்னொரு படை வந்து சேரும், ராஜா தப்பிப்பார். சிவப்புக் கோட்டும் வெள்ளை இறகும் மேசை மேல் அழகாக இருக்கும் என்பதும் ஒரு காரணம். அவரே ஒப்புக்கொள்வார்.

அப்பாவைக் கூட்டிப் போன முதல் நாள் நானும் போயிருந்தேன். கால் வலியால் அவரால் தனியாக மாடி ஏற முடியவில்லை.

"காவல் படைக்கு ஒவ்வொரு உருட்டலுக்கும் ஒண்ணு கூட்டிக்கலாம்" என்றார் டாக்டர். "உயர்தரப் படை இல்லையா?"

"எதுல உயர்தரம்?"

"சண்டையிலதான் ஐயா."

"நிக்கறதுல சார். சுடறதுல இல்ல. வருஷத்துக்குப் பத்துக் குண்டு. அதுலயும் ரெண்டு ஆகாசத்துக்குப் போகும்."

பஸ் டிரைவர் சிரித்தார். "அப்போ ஒண்ணு கழிச்சுக்கலாமா ஐயா?"

"கழிச்சுக்குங்க. இன்னொண்ணும் இருக்கு. கையில தோட்டா கிடையாது. மொதல்ல கிடங்கத் திறக்கணும்."

"யாரு திறப்பா?"

"சாவி வச்சிருக்கறவன்."

"திறப்பானா?"

அப்பா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அட்டையில் செய்த மாடிப்படி, அதன் கீழே கறுப்பு மையில் ஒரு கதவு.

"திறக்கறான்னு வச்சுக்குவோம்" என்றார்.

சாவி வைத்திருந்தவர் அவர்தான் என்பது அந்த அறையில் யாருக்கும் தெரியாது. கடைசிவரை அவர் சொல்லவில்லை.

எட்டு வருடம் சனிக்கிழமை தவறாமல் போனார். எப்போதும் காவல் படையையே எடுப்பார். எப்போதும் கிடங்கைத் திறப்பார். எப்போதும் தோற்பார். செத்த பொம்மைகளை மற்றவர்கள் ஒரு டப்பாவில் போடுவார்கள். அப்பா மட்டும் விழுந்த இடத்திலேயே குப்புற, நேராகப் படுக்கவைப்பார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது ஒரு எண் சொல்வார்.

"இன்னிக்கும் போச்சு. அம்பத்தெட்டு."

அடுத்த வாரம் அறுபது. அதற்கடுத்த வாரம் அறுபத்திரண்டும். சொல்லிவிட்டு நன்றாகச் சாப்பிடுவார். அம்மா இன்னொரு கரண்டி போட்டாலும் தடுக்கமாட்டார்.

நான் இயந்திரப் பழுதுகளைக் கணக்கிடுகிறவள். ஒரு பம்பு எத்தனை மணி நேரத்தில் நிற்கும், எந்த உறுப்பு முதலில் போகும் என்று சொல்வது என் வேலை. போன வருடக் கடைசியில் அப்பாவின் இதயம் முப்பது சதவீதம்தான் வேலை செய்கிறது என்றார்கள். அந்த வகை எண்களுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அவர் ஒரு முறையாவது ஜெயிக்கட்டும் என்று நினைத்தேன்.

பல் டாக்டரிடம் விதிகளைக் கேட்டு வாங்கி, அந்த விளையாட்டைக் கணினியில் எழுதினேன். வேலை முடிந்து வந்து மூன்று வாரம். பத்தாயிரம் முறை ஓடவிட்டேன். அப்பாவின் தவறு எங்கே என்று கிடைத்தது. ஒரே தாளில் அச்சடித்து அவர் பிறந்தநாள் அன்று கொண்டுபோனேன். எழுபத்திரண்டு.

"அப்பா, நீங்க எல்லாரையும் வாசல்லயே நிக்க வைக்கறீங்க. அதான் தப்பு. பாதிப் பேர மாடி ஜன்னலுக்கு ஏத்துங்க. மீதிப் பேரு படிக்கட்ட விட்டு நகரக் கூடாது. அப்படி ஆடினா நூத்துக்கு முப்பத்தெட்டு தடவ ரெண்டு மணி நேரம் தாங்கறாங்க."

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். தாளை இரண்டு முறை படித்தார்.

"முப்பத்தெட்டா?"

"முப்பத்தெட்டு. சும்மா இல்லப்பா, பத்தாயிரம் ஆட்டம்."

"திறந்திருந்தா."

"ஆமா. திறந்திருந்தா ஜெயிச்சிருக்கலாம்."

அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "நல்லா செஞ்சிருக்க பாப்பா" என்றார். எனக்கு நாற்பது வயது. அவருக்குக் கடைசிவரை பாப்பாதான். நான் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். அதை இப்போது எழுதுவதற்குக் கை கூசுகிறது.

அந்தச் சனிக்கிழமை அவர் போகவில்லை. அடுத்ததும் போகவில்லை. டாக்டர் எனக்குப் போன் செய்தார், "ஐயாவுக்கு எங்க மேல எதாவது வருத்தமா?" என்று. நான் அம்மாவிடம் போனேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"உங்கப்பாகிட்ட என்ன குடுத்த?"

"ஜெயிக்கறதுக்கு வழி."

"அவரு அங்க ஜெயிக்கப் போகலடி. தோக்கப் போனாரு."

எனக்குப் புரியவில்லை. அம்மா மடித்ததை உதறி மறுபடி மடித்தார்.

"வாரா வாரம் கதவத் திறந்து பாப்பாரு. எல்லாரும் செத்துப்போவாங்க. அப்பாடா, நல்லவேள நான் குடுக்கலன்னு வந்து சாப்பிட்டுத் தூங்குவாரு. சனிக்கிழம ஒரு நாளுதான் இந்த மனுஷன் புரளாம தூங்குவாரு. எட்டு வருஷமா பாக்கறேன், எனக்குத் தெரியாதா? இத்தன படிச்ச, உனக்கு இது தெரியல."

தெரியவில்லை. செருப்பைக் கழற்றும்போது அவர் சொன்ன எண்ணை நான் தோல்வியின் அளவு என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாளில் அப்பாவை மருத்துவமனையில் சேர்க்கவேண்டி வந்தது. மூச்சு வாங்கியது, கால் வீங்கியது. என் தாளால் என்று சொல்ல முடியாது. முப்பது சதவீத இதயம் எப்போது வேண்டுமானாலும் அப்படிச் செய்யும். ஆனால் அங்கே கழற்றிய சட்டையின் பையில் அந்தத் தாள் இருந்தது.

நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். மறுபடி கணினியில் உட்கார்ந்தேன். ஜெயித்த ஆட்டங்களில் எத்தனை பேர் செத்தார்கள் என்று முதலில் எண்ணியிருக்கவில்லை. இப்போது எண்ணினேன்.

"அப்பா, அந்த முப்பத்தெட்டுல கூட, சராசரியா நாப்பத்து நாலு பேரு போயிடறாங்க."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "எதிர்ல?"

"எதிர்லன்னா?"

"லாரில வந்தவங்க. அவங்களும் பசங்கதான்."

அதை எண்ணவில்லை. மறுநாள் எண்ணிக்கொண்டு வந்தேன். "எழுபத்தொண்ணு."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு களைப்பாகச் சிரித்தார்.

"போன மாசம் ஜெயிச்சிருக்கலாம்ன. இப்போ செத்திருப்பாங்கங்கற. நான் எதக் கேக்கணுமோ அந்த நம்பர் உனக்கு வருது பாப்பா."

"கணக்கு பொய் சொல்லாதுப்பா."

"கணக்கு சொல்லாது. நீ சொல்லுவ. பாசக்காரி." மூச்சு வாங்கிக்கொண்டார். "தாயத்துக்கும் தெரியாது, உன் மெஷினுக்கும் தெரியாது. கேட்டவன் ஒருத்தன் இருக்கான். அவன் சொல்லணும்."

கேட்டவர் என்றால் குள்ளன் மாமா. முப்பத்தோரு வருடமாக அவர் இருக்கிறாரா இல்லையா என்றுகூட நான் யோசித்ததில்லை. அம்மாவிடம் சொன்னபோது, கையைத் துடைத்துக்கொண்டு தெரு, கடை, அடையாளம் எல்லாம் சொன்னார். குள்ளன் மாமாவின் மனைவியும் அம்மாவும் இத்தனை வருடமும் மாதம் ஒரு முறை சந்தையில் பார்த்துப் பேசி வந்திருக்கிறார்கள்.

"எங்ககிட்ட சொல்லவே இல்லையே."

"சண்ட போட்டது அவங்க ரெண்டு பேரு. நாங்க எதுக்குப் பேசாம இருக்கணும்?"

குள்ளன் மாமா மருமகனின் பெயிண்ட் கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரை. உட்கார்ந்திருக்கும்போதே அலமாரியின் மூன்றாவது தட்டு உயரம் இருந்தார்.

"என்ன வேணும்மா?"

"நான் சாவியோட பொண்ணு."

பெயிண்ட் டப்பா ஒன்றைத் திருப்பி அதன் விலையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"செத்துட்டானா?"

"இல்ல மாமா. ஆஸ்பத்திரியில."

"சாகலேல்ல? அப்புறம் என்ன அவசரம்?"

சொல்லிவிட்டு எழுந்தார். எழுந்து நிற்கவே அவருக்கு நேரம் பிடித்தது. ஒரு கையைக் கல்லாவிலும் இன்னொன்றை என் தோளிலும் ஊன்றினார். கடைக்குள் பார்த்து, "மாப்ள, கொஞ்சம் பாத்துக்க, ஒருத்தனத் திட்டிட்டு வரேன்" என்றார்.

வார்டில் அப்பா தலையணையில் சாய்ந்திருந்தார். யார் என்று சொல்லவேண்டி இருக்கவில்லை. குள்ளன் மாமா கட்டில் ஓரத்தில் நின்று மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"சுருங்கிட்டியேடா. இப்போ அளவெடுத்தா நான்தான் உயரம்."

"பேப்பர எடுத்துட்டு நில்லு" என்றார் அப்பா.

பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள். நான் வெளியே போகலாமா என்று நினைத்தேன். போகவில்லை.

"ஏன்டா குடுக்கல?"

"உத்தரவு..."

"அத விடு. முப்பத்தோரு வருஷமா அதையே சொல்லாத. உத்தரவு வந்திருந்தா?"

அப்பாவின் கண்கள் என்மேல் வந்து, மறுபடி அவரிடம் போயின.

"வந்திருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன்."

"ஏன்?"

"மொத ஆளா நீதான்டா வாசலுக்கு ஓடியிருப்ப."

குள்ளன் மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு மெல்ல உட்கார்ந்தார். இரண்டு கையாலும் வலது முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

"ஓடியிருப்பேன்" என்றார். "அன்னிக்கே தெரியும். உத்தரவு இல்லேன்னு நீ தயங்கல. உன் மூஞ்சியப் பாத்தேனே. என்னப் பாத்துத்தான் குடுக்கலன்னு தெரிஞ்சுது. அதான் உன்கிட்டப் பேசல. என்ன என்னடா நீ குழந்தையாக்கறது?"

"தப்புதான்."

"தப்புதான்." முழங்காலை விடவில்லை. "துப்பாக்கிய அடுக்கறப்போ ஒரு ராணுவக்காரப் பையன் என்னப் பாத்துச் சிரிச்சான். மீச கூட மொளைக்கல. அந்தச் சிரிப்பு இன்னும் போகலடா. அது உன் கணக்குலதான் இருக்கு." பிறகு முகத்தைச் சுளித்தார். "ஆனா நீ மட்டும் அன்னிக்கு அந்தச் சாவியக் குடுத்திருந்தா, இந்த முட்டி வலி எனக்கு வந்திருக்குமா சொல்லு?"

அப்பாவுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. பிறகு சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல் போய், நர்ஸ் ஓடிவந்தார். "பேசவே கூடாதுன்னு சொல்லியிருக்கோம், யாரு சார் நீங்க?" என்று அதட்டினார்.

"நாளைக்கு வரேன்னு சொல்லு இவன்கிட்ட" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் குள்ளன் மாமா எழுந்தார். அப்பா இரண்டடியில் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

மறுநாள் வந்தார். அதற்கு மறுநாளும். நாலு மணிக்குப் பார்வையாளர்களை விடுவார்கள். மூன்றே முக்காலுக்கே வராந்தாவில் இருப்பார். அந்த நாளைப் பற்றி அவர்கள் மறுபடி பேசியதாக எனக்கு நினைவில்லை. படையில் யார் யார் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்றுதான் பேசினார்கள். பட்டப்பெயர் ஒன்றைச் சொல்வார் ஒருவர். எங்கே இருக்கிறான், எத்தனை பிள்ளை, எந்த நோய் என்று மற்றவர் சொல்வார். அந்த நாளுக்கு இரண்டு வருடம் கழித்துத் தனக்கு இன்னொரு மகள் பிறந்ததைக் குள்ளன் மாமா மூன்றாம் நாள்தான் சொன்னார். "எனக்குச் சொல்லவே இல்லியேடா" என்றார் அப்பா. "பேசினாத்தானே சொல்ல" என்றார் அவர். அவளுக்கு என்ன வேலை, மாப்பிள்ளை எப்படி, பெயிண்ட் கடை எப்படிப் போகிறது என்று அப்பா அன்று முழுக்க அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் அவர்களுக்குத் தண்ணீர் பிடித்து வந்தேன். இதய டாக்டரின் அறைக்கு வெளியே வரிசையில் நின்றேன். அலுவலகத்துக்கு விடுப்பு நீட்டித்தேன். அப்பா அந்த நாட்களில் நன்றாகத் தூங்கினார் என்று இரவு நர்ஸ் எழுதிய குறிப்பில் இருந்தது. மருந்தால் இருக்கலாம். எனக்குத் தெரியாது.

எட்டாம் நாள் முடிவில் எண்ணிக்கை முப்பத்தொன்பது பேர் வரை வந்திருந்தது. அதற்குமேல் இருவருக்கும் ஞாபகம் வரவில்லை. செத்தவர்களை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலை அப்பா போய்விட்டார். உடலை வீட்டுக்குக் கொண்டுபோவதற்கான காகிதங்களில் கையெழுத்துப் போட மத்தியானம் ஆனது. அம்மாவை முதலில் அனுப்பிவிட்டு, மீதிச் சாமான்களை எடுக்க நான் திரும்பி வந்தேன். மெத்தையைக் கழுவ எடுத்துப் போயிருந்தார்கள். வெறும் கட்டில். மூன்றே முக்காலுக்குக் குள்ளன் மாமா வந்தார். அவருக்குச் சொல்ல நான் மறந்திருந்தேன்.

அவர் கட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது.

"காலைலதான் ரெண்டு பேரு ஞாபகம் வந்தாங்க" என்றார்.

நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"தவள இருக்கான். தபாலும் இருக்கான்."